வாங்குக்கு மூடிய றேடியோ

கிட்ட வந்து இருங்கள் மக்களே, ஓர் அந்திப் பொழுதைச் சொல்கிறேன். கல்முனைக்குடியில் சீனிமுகம்மதுவின் கடை வாசலில், முக்காட்டைப் பல்லால் கடித்தபடி சுபைறா நிற்கிறாள். அவள் புருஷன் போன சரக்குத்தோணி புயலில் உடைந்துவிட்டது. தப்பியவர்களின் பெயர்களை இன்று தூரத்து வானொலி நிலையம் வாசிக்கிறது. கடலுக்கு மேலே மின்னும்போதெல்லாம் கடைக்குள் இருக்கும் றேடியோ சோளம் பொரிவதுபோல் வெடிக்கிறது. “கிழவன் இருமுற மாதிரி இருமுது. மின்னல் அடங்கினாத்தான் கதைக்கும் புள்ள” என்கிறார் சீனிமுகம்மது. “இருமட்டும் காக்கா. அவங்கட பேரு ஒண்டு கேட்டாப் போதும்” என்கிறாள், அவரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று அழைக்கும் சுபைறா. பொழுது விழுகிறது. மேகம் தெற்கே விலக, இரைச்சல் மெல்லத் தணிகிறது. முதல் பெயர் வருகிறது, அடுத்த பெயர் வருகிறது. அந்நேரம் பள்ளிவாசலில் அந்தித் தொழுகையான மஃரிபுக்கு அழைத்து வாங்கு சொல்கிறார்கள். வாங்கு கேட்டால் றேடியோவை மூடுவதுதான் ஊர் வழக்கம். குமிழில் கை வைத்த சீனிமுகம்மது, திருப்பாமல் அவள் முகத்தையே பார்க்கிறார். “மூடுங்க காக்கா” என்கிறாள் சுபைறா. வாங்கு முடிந்து திறக்கும்போது பெயர்கள் முடிந்துவிட்டன. யாரோ வீணை வாசிக்கிறார்கள். ஒரு கரகரப்பும் இல்லை, ஒவ்வொரு தந்தியும் பக்கத்து வீட்டில் மீட்டுவதுபோல் கேட்கிறது. அவள் இன்னும் காதைச் சாய்த்தபடியே நிற்கிறாள். உங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்களை அல்லாஹ் உங்கள் வாசலுக்கே திருப்பித் தரட்டும் மக்களே.