மேனேஜர் வீட்டில் இல்லை

"சீக்கிரம் மேனேஜரைத் தூக்கி அலமாரிக்குள்ள விடுங்க! ஹவுஸ் ஓனர் படியேறி வர்றார்!"

மனைவி கிசுகிசுத்தாள். ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த பூனையை அள்ளிக்கொண்டு கணவன் ஓடினான். பகலெல்லாம் தூங்குவது, எழுந்தால் குறை சொல்வது, வேலை செய்கிறவர்களை முறைத்துப் பார்ப்பது என்று எல்லாப் பொருத்தமும் இருந்ததால்தான் பூனைக்கு அந்தப் பெயர்.

நாய், பூனை கூடாது என்பதுதான் வாடகை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனை. மீறினால் காலி செய்ய வேண்டும். கணவனுக்கு சோபா தைக்கிற தொழில். பட்டறை இருப்பது இந்த வீட்டின் பின்பக்க ஷெட்டில். வீடு போனால் பிழைப்பும் போய்விடும்.

பின்தெருவில் குடியிருக்கும் ஹவுஸ் ஓனர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை விட்டாலும் அந்தப் பார்வை அவரை விடவில்லை. துணிப்பையோடு உள்ளே வந்தவர், பையைப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

"இந்த வீட்ல பூனை இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"பூனையா? இங்கேயா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அது தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

அவர் சோபாவின் கைப்பிடியைத் தடவினார். நார் நாராகக் கிழிந்திருந்தது.

"சோபா தைக்கிறவர் வீட்டு சோபா இப்படியா இருக்கும், தம்பி?"

"எங்க சார் நேரம்? ஊருக்கெல்லாம் தைக்கிறேன், நம்ம வீட்டுதுதான் அப்படியே கிடக்கு."

"ஹால் நடுவுல எதுக்கும்மா காலி அட்டைப்பெட்டி?"

"அது... இவர் அதுல உட்காருவார், சார்." சொன்ன பிறகுதான் மனைவி பெட்டியின் அளவைப் பார்த்தாள்.

அப்போது மெல்லிசாக ஒரு 'மியாவ்' கேட்டது. கணவன் பலமாக இருமினான். நல்லவேளையாக ஹவுஸ் ஓனரும் அதே நேரம் பலமாக இருமினார். அலமாரிக்குள் இருப்பதால்தான் மேனேஜரின் கட்டைக் குரல்கூட இவ்வளவு மெலிந்து கேட்கிறது என்று மனைவி நிம்மதியடைந்தாள்.

"அது உங்க பூனை இல்லைன்னா சரி," ஹவுஸ் ஓனர் சாய்ந்து உட்கார்ந்தார். "ராத்திரியானா மதில்மேல திரியுது. புத்தி மட்டு. சோத்துக்கு அலையுற ஜென்மம். வளர்ப்பு சரியில்லை."

மனைவி அவசரமாகக் கணவனின் காலை மிதித்தாள். பயனில்லை.

"யாரைப் பார்த்து சார் வளர்ப்பு சரியில்லைங்கறீங்க? அவனா சோத்துக்கு அலையுறான்? வச்சதை மோந்து பார்த்துட்டு, பிடிக்கலைன்னா மண்ணைத் தள்ளி மூடுற மாதிரி தரையைப் பிராண்டிட்டுப் போயிடுவான். அவ்வளவு ரோஷம்!"

போச்சு என்று மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப இருக்கு," என்றார் ஹவுஸ் ஓனர். "வயசு?"

"மூணு, சார்."

"ஊசியெல்லாம் போட்டாச்சா?"

"ஒண்ணு விடாம போட்டிருக்கோம்," என்றாள் மனைவி. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவனைத் திட்டினால் அவளுக்கு மட்டும் வலிக்காதா? "புத்தி மட்டுன்னு சொன்னீங்களே, காலையில அலாரத்துக்கு முன்னாடி அவன்தான் என்னை எழுப்புவான். இமைமேல ஒத்தைக் காலை வைப்பான், நகம் படவே படாது. தனியா தண்ணி வச்சாலும் என் டம்ளர்லதான் காலை முக்கி முக்கி நக்குவான்."

"டம்ளரைத் தள்ளிவிடுவானா?"

"நம்ம கண்ணைப் பார்த்துக்கிட்டே தள்ளுவான். ஒளிவு மறைவே கிடையாது!"

கணவன் கிழிந்த சோபாவைக் காட்டினான். "இதுவும் அவன் வேலைதான். ஆனா மட்டமான துணியைத் தொடமாட்டான், சார். புதுசா துணி வந்தா முதல்ல அவன் முன்னாடிதான் விரிப்பேன். அவன் கீறினாதான் ஆர்டர் கொடுப்பேன்."

வீடு கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தும், அதைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ராத்திரி வெளியே போனா எப்ப திரும்புவான்?" டிக்கெட் பரிசோதகர் விடுவதாக இல்லை.

"விடியறதுக்குள்ள வந்துடுவான். கெட்ட சகவாசமே கிடையாது."

"ஓஹோ," என்றார் அவர்.

அலமாரிக் கதவு மெதுவாகத் திறந்தது.

"பார்த்தீங்களா? கதவையும் அவனே திறப்பான்!" என்றாள் மனைவி.

மேனேஜர் சோம்பல் முறித்தபடி வெளியே வந்தார். வெள்ளை உடம்பு, மூக்குக்குக் கீழே மையால் வரைந்ததுபோல் கறுப்பு மீசை. நேராக நடந்து அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஹவுஸ் ஓனரை மேலும் கீழும் பார்த்தார். ஹவுஸ் ஓனர் அந்த மீசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சார் காலி பண்ணணும்?" கணவனின் குரல் இறங்கிவிட்டது. "எங்க போனாலும் இவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போவோம்."

"யார் காலி பண்ணச் சொன்னது?" ஹவுஸ் ஓனர் துணிப்பைக்குள் கைவிட்டு, கறுப்பு மீசை வைத்த வெள்ளைக் குட்டி ஒன்றை எடுத்து மேனேஜர் பக்கத்தில் விட்டார். "எங்க வீட்டுப் பூனை, வாசப்படி தாண்டாம வளர்த்த பொண்ணு. அவளுக்காகத்தான் அந்தக் கண்டிஷனே போட்டேன். இப்ப நாலு குட்டி, நாலுக்கும் இதே மீசை. பையன் எப்படிப்பட்ட குடும்பத்துல வளர்ந்தவன்னு விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன், சம்பந்தி!"