கீழே பார்

'டாப்' என்ற சொல்லை அழித்தான்.

'பாட்டம்' என்று தட்டினான்.

கம்ப்யூட்டர் திரையின் உச்சியில் இருந்த கறுப்புப் பட்டை மறைந்து, அடியில் போய் உட்கார்ந்தது. மணி, தேதி, இன்டர்நெட் எல்லாம் அதோடு இறங்கின.

புருஷன் பெண்டாட்டிக்குள் ஏழு வருடச் சண்டை. ஒரு சொல்லில் முடிந்தது.

அந்தச் சண்டையை நான் எதிர்வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். காதில் விழுந்ததெல்லாம் 'பார்', 'பார்'தான். குடிப்பழக்கம் என்று மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டேன். பாவம், மோர் புளித்தால்கூட முகம் சுளிக்கிற ஆள்.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பட்டைக்குப் பெயர் பார்.

அவன் கம்ப்யூட்டரில் எந்த ஜன்னல் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவனே வரிவரியாக எழுதி வைத்திருக்கிறான். பார் மேலே இருப்பதுதான் முறையாம்.

அவளுடைய கண்ணாடியில் கீழ்ப்பாதி வழியாகத்தான் எழுத்து தெரியும். அதே கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது மணி பார்க்க ஒவ்வொரு முறையும் மோவாயைத் தூக்க வேண்டும். கழுத்து வலிக்கிறது என்றாள்.

பழகிவிடும் என்றான்.

அந்த ஒரு சொல்லை எத்தனை விஷயத்துக்குத்தான் சொல்லியிருப்பான்! மார்ச் மாதம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று பதினொரு மணிக்கு வருகிறாள். மிச்சச் சாமானை எடுக்க.

எழுத்தையும் ஒரு சுற்றுப் பெரிதாக்கினான். நாற்காலியை அவள் உயரத்துக்கு ஏற்றினான். இஸ்திரி போட்ட சட்டை வேறு.

ரசம் கொடுக்கிற சாக்கில் வந்த என்னைப் போகச் சொல்லவில்லை. தனியாக இருக்கப் பயம் போலிருக்கிறது.

"இருந்துடுவாளாக்கா?" என்றான்.

வந்தாள்.

சான்றிதழ் ஃபைல். மிக்ஸி ஜார். ஒரு குடை.

திரும்பும்போது திரையைப் பார்த்தாள்.

நின்றாள்.

மோவாய் உயரவில்லை. தேவைப்படவில்லை.

பெரிய எழுத்தைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன்.

"யாரு அது?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரிக் கணக்கெல்லாம் நான் தினமும் போடுவதுதானே.

"உனக்காகத்தான் மாத்தினேன்."

"ஏழு வருஷம் நான் இதே நாற்காலியிலதான உக்காந்திருந்தேன்."

கோபமே இல்லை குரலில்.

 

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. யாரு வர்றா?"

மார்ச்சிலிருந்து அந்தப் படியேறியவர்கள் கேஸ்காரர், கூரியர்காரர், நான். கதவு ஓட்டை வழியாகப் பார்க்காமல் ஒரு ஆளை நான் விட்டதில்லை.

"யாருமே வரலம்மா. சத்தியமா."

என் வாயிலிருந்து ஒன்றுமில்லை என்று வந்து அவள் கேட்டதே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மிக்ஸி ஜாரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்களே சொல்ல மாட்டேங்கிறீங்கன்னா, நல்ல பொண்ணாத்தான் இருக்கும்."

கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.