சிப்பிகாட் படத்தில் ஒருத்தி

வந்தவன் தோளில் கிடந்த அரிவாளை இறக்கிக் கதவோரம் சாய்த்து வைத்தான். பிறகு மடியிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையின் பக்கத்தை எடுத்து மேஜைமேல் விரித்தான்.

'சிப்பிகாட்டில் ஒரு மாலை. படம்: திருநாவுக்கரசு, போர்ட் பிளேயர்' என்று அச்சாகியிருந்தது. பஜாரில் பெயரைச் சொல்லி விசாரித்து லம்பா லைனில் இருந்த இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகச் சொன்னான்.

துறைமுக ஆபீஸ் கிளார்க் திருநாவுக்கரசு வேறு நாளாக இருந்தால் உச்சி குளிர்ந்திருப்பார். ஞாயிறு வந்தால் கேமராவும் கையுமாகக் கடலையும் மலையையும் தேடிப் போகிறவர் அவர். பிலிமைக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, படமாகித் திரும்பும்வரை பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் மாதிரி தவிப்பார். மனிதர்களை மட்டும் எடுக்க மாட்டார். அவர்கள் அசைந்து தொலைப்பார்கள் என்பது அவர் கட்சி.

ஆனால் வந்தவனின் விரல் கடல்மேலும் போகவில்லை, தென்னைமேலும் போகவில்லை. ஓரத்து வரப்பில் எறும்பளவு நின்ற ஒரு பெண்மேல் போய் நின்றது.

"இவங்க எங்க இருக்காங்க சார்?"

காட்டு வேலைக்கு வருகிற கூலிகள் எல்லோரிடமும் அரிவாள் உண்டு என்று தெரிந்தும் திருநாவுக்கரசின் கண் கதவோரமே போனது. படத்தில் நின்றது அவர் மனைவி நீலாவதி. எடுக்கும்போது அவளைக் கவனிக்காமல், அச்சில் வந்த பிறகு பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர் அவர்.

ஹேடோவில் ஒரு மெஸ்ஸில் சமைத்துக்கொண்டிருந்தவள் நீலாவதி. கல்யாணத்துக்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யார் தேடி வந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அவர் காரணம் கேட்கவில்லை. மெயின்லேண்டில் நடந்ததை இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கப்பலைவிட்டு இறங்கிய நாள்தான் இங்கே எல்லோருக்கும் பிறந்தநாள். அந்த மரியாதையைப் பெண்டாட்டிக்கும் கொடுப்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது அவள் மீன் வாங்க பஜாருக்குப் போயிருந்தாள். எந்த நிமிஷமும் மேடேறி வந்துவிடுவாள்.

யாரோ பெங்காலிப் பொம்பளை, மாலூம் நஹி, தெரியாது என்றார் அவர். பதற்றம் வந்தால் அவருக்கு இந்தி வந்துவிடும்.

"இல்லைங்க. பின்கொசுவம் வச்ச கட்டு. நெத்தியில கையை வச்சுப் பாக்குறாங்க பாருங்க, எங்க வீட்டு வாசல்லயும் இப்படித்தான் நிப்பாங்க."

எங்க வீடு என்றதும் அவர் அந்தப் பக்கத்தை மடிக்கப் பார்த்தார். அவன் நிறுத்தவில்லை. அவள் எந்தக் கப்பலில் ஏறினாள், அன்றைக்கு என்ன சேலை, கையில் என்ன பை என்பதுவரை அடுக்கினான். காட்டு கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது, மத்தியானக் கப்பலில் ஊர் திரும்புகிறான், அதற்குள் அவளைப் பார்த்து ஒரு சேதி சொல்லியாக வேண்டும் என்றான்.

இவ்வளவு துப்புத் துலக்கியவன் லேசில் விடமாட்டான் என்று திருநாவுக்கரசுக்குப் பட்டது. தெரியாது என்று சொன்னால் அடுத்த கப்பலில் ஆள் கூட்டி வருவான். வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் சொல்லாத பெரிய பொய்யைச் சொன்னார்.

"அந்தப் பொம்பளை போன மழையில காய்ச்சல் வந்து செத்துப்போச்சுப்பா."

அவன் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, இதே படம் பெரிதாக இருந்தால் ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். ஊரில் போய்ச் சாவுக்கு அத்தாட்சி காட்டத்தான் கேட்கிறான், நமக்கும் அதுதானே வேண்டும் என்று அவர் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். சேதியை இனி யாரிடம் சொல்ல என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் படி இறங்கினான்.

திருநாவுக்கரசு அதோடு விட்டுவிடவில்லை. அவனுக்குத் தெரியாமல் ஹேடோ துறைமுகம் வரை பின்னாலேயே போனார். அவன் ஏணி ஏறி, கப்பல் கரையைவிட்டு விலகி, ராஸ் தீவைத் தாண்டி மறையும்வரை வெயிலில் நின்று பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

நீலாவதி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார். கோட்டையைப் பிடித்த குரலில், இனி ஒரு பயலும் தேடி வரமாட்டான், நீ பயப்படாமல் தெருவில் நடக்கலாம் என்று முடித்தார்.

அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை.

"பேரு சொன்னாரா?"

"ஜம்புலிங்கமாம்."

அவள் கை அப்படியே நின்றது. கப்பல் போய்விட்டதா என்று கேட்டாள். போயே போய்விட்டது, கண்ணால் பார்த்தேன் என்றார் அவர். அவள் ஈரக்கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் சாய்ந்து அழுதாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதல் தடவையாக, அவன் உனக்கு யார் என்று கேட்டார்.

"என் கொழுந்தனுங்க. அவரு அண்ணன் கையில நான் சாகாம, கப்பலேத்தி அனுப்பிவிட்டதே அவருதான்."