மூன்று மெஷின், ஒரு மனசு

“கண்ணத் தொறந்துகிட்டே செத்துட்டாரா இன்னா?” என்று கேட்டுவிட்டு டெக்னீஷியன் தானே சிரித்துக்கொண்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் மெஷினுக்குள் படுத்திருந்த குழந்தைவேல் பன்னிரண்டு நிமிஷமாக ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

பிரியதர்ஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய நான்கு வருஷ ஆராய்ச்சி அந்த மனிதரின் தலைக்குள் இருந்தது.

ஆராய்ச்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தூங்காமல், எதுவும் செய்யாமல், சும்மா படுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு பேசிக்கொள்கிறது என்று மெஷின் படம் போட்டுக் காட்டும். புதுச்சேரியில் ஒரு மெஷின், கடலூரில் ஒன்று, வில்லியனூர் பக்கம் ஒன்று. ஒரே ஆள் எதில் படுத்தாலும் படம் ஒத்துப்போனால்தான் அந்த அளவை நம்ப முடியும்.

ஒத்துப்போனால்தானே! பாகூர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்து அழைத்து வந்த பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் அவள் காலை வாரிவிட்டார்கள். சும்மா இரு என்றால் யார் மனசு சும்மா இருக்கிறது? புதுச்சேரியில் படுத்தபோது கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத கவலை, கடலூரில் படுத்தபோது மச்சினன் கல்யாணம். படமும் அதற்குத் தக்கபடி ஆடியது.

“இது அளவா? ரப்பர்ல செஞ்ச ஸ்கேலும்மா,” என்றார் கைடு அரங்கநாதன். “ஒரே ஒரு ஆளாவது மூணு மெஷின்லயும் ஒத்து வரணும். அப்பதான் கோளாறு மெஷின்ல இல்ல, படுத்தவங்க மனசுலன்னு எழுதலாம். இல்லன்னா வெள்ளிக்கிழமையோட மூட்டையக் கட்டிடு.” அன்று அவள் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

குழந்தைவேலின் படம் முதல் இரண்டு மெஷின்களிலும் ஒத்திருந்தது. இது மூன்றாவது. ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடித்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் ஒன்று. டெக்னீஷியன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே ஓடினாள்.

வேன் அருகில் பலராமன் நின்றிருந்தார். அந்தப் பதினோரு பேரில் அவரும் ஒருவர். குழந்தைவேலுக்கு அடுத்த வீட்டுக்காரர்.

“உங்க ஊர்க்காரர் தியானம் ஏதாவது பண்ணுவாராங்க?”

“அவரா? நீ வேற! முன்னல்லாம் எதுக்கெடுத்தாலும் கத்தியத் தூக்குவாரும்மா. வூட்டுல ஒருத்தரும் எதுத்துப் பேச முடியாது. ஒரே பொண்ணு. அது தவறிக் கெணத்துல வுழுந்து செத்துச்சு. அன்னிலேர்ந்து ஆளே மாறிட்டாரு. இப்ப ஊர்ல பஞ்சாயத்து பேசவே அவரத்தான் கூப்புடுறோம்.”

பாவம் என்று நினைத்தாள் பிரியதர்ஷினி. நினைத்த மறு நிமிஷமே தீசிஸின் ஞாபகம் வந்துவிட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குழந்தைவேல் மர நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அய்யா, நீங்கதான் என்னைக் காப்பாத்துனீங்க. மூணு மெஷின்லயும் ஒரே படம். துளி மாத்தமில்ல.”

“அப்பிடியா பாப்பா? நல்லாரு.”

“மத்தவங்களையும் மறுபடி படுக்க வைக்கப் போறேன். உள்ள போனதும் நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க. அவங்களுக்கும் அதையே சொல்லிக் குடுத்துடுறேன்.”

நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்தாள். அவர் தலையை ஆட்டினார்.

“அது வாணாம் பாப்பா. யாருக்கும் வாணாம்.”

“ப்ளீஸ்ங்கய்யா.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “மெஷினுக்குள்ளன்னு இல்ல. வயல்ல நின்னாலும் பஸ்ல குந்துனாலும் ஒரே நெனப்புதான். எம் பொண்ணு கெணத்துல வுழுந்த அந்த நிமிஷம். அதத் தாண்டி மனசு நவுர மாட்டேங்குது.”

பிரியதர்ஷினியின் கண் கலங்கிவிட்டது. எழுத வந்ததை மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க அப்ப பக்கத்துல இருந்தீங்களா?”

“இருந்தேன். கையப் புடிச்சிட்டேன்.”

“தூக்க முடியல. நீங்க மட்டும் என்னங்கய்யா பண்ணுவீங்க?” அவருக்காக அவளே சொல்லி முடித்தாள்.

குழந்தைவேல் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“தூக்கியிருக்கலாம் பாப்பா; ‘அவன மறந்துடுறேன், கைய வுடாதப்பா’ன்னு அது கெஞ்சக் கெஞ்ச, நாந்தான் வுட்டேன்.”