ஆடு என்று சொன்னவள்

“இந்தக் கரடிக்கு என்ன வியாதின்னு சொல்லுங்க பார்ப்போம்.”

கேன்டீனில் ஆலோசகர் அம்மா ஒரு பட அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

அது மின்விசிறி செய்யும் தொழிற்சாலை. பாதி இயந்திரங்களுக்குத் தார்ப்பாய் போர்த்தியாகிவிட்டது. ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எல்லோர் தூக்கத்தையும் தின்றுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நிர்வாகத்துக்குத் தொழிலாளியின் மன அமைதியில் அக்கறை பிறந்தது. ஆலோசகரை வேலைக்கு வைத்தது.

அட்டையில் இருந்தது, எல்லோரும் சின்ன வயதில் படித்த காட்டுக் கதையின் குடைக் கரடி. கொளுத்துகிற வெயிலிலும் குடையை மடக்காது.

“முன்ஜாக்கிரதைம்மா,” என்றார் ஒருவர்.

“இல்லண்ணே, பயம். ஒரு மழையிலகூட அது நனைஞ்சதில்ல. மழை வந்துடுமோங்கிற கவலையிலயே தொப்பலா நனைஞ்சு கிடக்கு.”

சிரித்தார்கள்.

“பூட்டின கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற அணில்?”

“எங்க மாமியார்,” என்றாள் லேபிள் ஒட்டும் பெண். மறுபடி சிரிப்பு. படுக்கையில் கிடக்கும் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் சுமப்பவள். அன்றைக்கு அவளும் சிரித்தாள்; அதுவரை அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“தலையாட்டி ஆட்டுக்கு?” என்று கேட்டார் இன்னொருவர்.

“அதுக்கு ஒரு வியாதியும் இல்லண்ணே. யாரு என்ன சொன்னாலும் சரிங்கும். நிம்மதியாத் தூங்கும்.”

“முள்ளம்பன்றிக்கு?” கேட்டவர் சங்கச் செயலாளர்.

ஆலோசகர் கொஞ்சம் தயங்கினார். “உள்ள ரொம்ப மெத்துன்னு இருக்கும். அதை வெளிய காட்டிக்கத் தெரியாது. அதட்டினா போதும், சிலிர்த்துக்கும்.”

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. “சோத்துல மண்ணு விழப் போகுது. இந்தம்மா பொம்மை காட்டுது,” என்று எழுந்து போனார்.

அடுத்து, ஒவ்வொருவராகத் தனி அறைக்கு அழைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: இந்த மிருகங்களில் நீங்கள் யார்?

“முள்ளம்பன்றி,” என்றார் செயலாளர்.

“ஆடா இருந்தா என்னண்ணே?”

“யாரைப் பார்த்து என்ன கேக்கிற?”

“கேட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

“யோசிக்கிற வேலையெல்லாம் உன் முதலாளிகிட்ட வச்சுக்க. முள்ளம்பன்றி.”

ஆலோசகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிண்ணே, போய்ட்டு வாங்க,” என்றார்.

மறுநாள் மேலாளரின் டிரைவர் காற்றுவாக்கில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுப் போனார். “அந்தம்மா மாடியில எங்க சார்கிட்ட என்ன சொல்லிச்சு தெரியுமா? இங்க இருக்கிறது மொத்தமும் ஆட்டுமந்தைன்னு.”

அவ்வளவுதான். இயந்திரங்கள் நின்றன. எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். ஆலோசகரை வரவழைத்தார்கள்.

“எங்களை ஆடுன்னு சொன்னியா?” என்று கேட்டார் செயலாளர்.

“சொன்னேண்ணே.”

“எல்லாரையுமா?”

“எல்லாரையும்தான்.”

“கம்பெனி போடுற காசுக்குக் குலைக்கிறே. இல்லைன்னு இவங்க முன்னாடி சொல்லு. மன்னிப்புக் கேளு.”

ஆலோசகர் மாடி ஜன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். மேலாளர் தேநீர்க் கோப்பையோடு அங்கே நின்றிருந்தார்.

“மன்னிப்பு வேணா கேக்கிறேன். ஆனா நீங்க ஆடு இல்லைன்னு மட்டும் என்னால சொல்ல முடியாதுண்ணே.”

செயலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “நாம யாருன்னு இவளுக்குக் காட்டுவோம். நான் முள்ளம்பன்றி. இன்னும் யாரெல்லாம் முள்ளம்பன்றி? கையைத் தூக்குங்க.”

செப்புக் கம்பிக் காயில் சுற்றும் பிரிவிலிருந்து சில கைகள் எழுந்தன. பெயின்ட் பிரிவிலிருந்து சில. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“கையை இறக்குங்கண்ணே,” என்றார் ஆலோசகர். “தயவு செஞ்சு இறக்கச் சொல்லுங்க.”

“பார்த்தீங்களா, பயந்துட்டா,” என்றார் செயலாளர். லேபிள் ஒட்டும் பெண் தலைகுனிந்து நிற்பது அவர் கண்ணில் பட்டது. “என்ன தங்கச்சி, நீ மட்டும் ஆடா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்.

இந்த ஆலோசகர் வேண்டாம் என்ற கோரிக்கையை நிர்வாகம் அப்போதே ஏற்றுக்கொண்டது. இத்தனை வருடப் போராட்டத்தில் கேட்ட மாத்திரத்தில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஆலோசகர் பட அட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வாசலைக் கடந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ ஆடு மாதிரி கத்தினார்கள். செயலாளரைத் தோளில் தூக்கி முற்றத்தைச் சுற்றி வந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, வாசலில் காவலர் சிலரை மட்டும் உள்ளே விடாமல் நிறுத்தினார். உங்களுக்கு இனி வேலை இல்லை என்றார். காயில் சுற்றும் பிரிவில் சிலர். பெயின்ட் பிரிவில் சிலர். செயலாளர்.

லேபிள் ஒட்டும் பெண் சாப்பாட்டுப் பையோடு அவரிடம் வந்தாள்.

“அண்ணே, நான் ஆடுதான்னு உள்ள போய்ச் சொல்லுங்கண்ணே. நீங்க கேட்டீங்கன்னுதான் தூக்கினேன்.”

செயலாளர் காவலரைத் தள்ளிக்கொண்டு மாடி ஏறினார். மேலாளர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

“எந்தக் கணக்குல எங்களைப் பொறுக்கினீங்க?”

“கோபப்படாதீங்க செயலாளரே. இங்க யார் யாரு முள்ளம்பன்றின்னு கண்டுபிடிச்சுச் சொல்லத்தான் அந்தம்மாவை வேலைக்கு வச்சோம். எவ்வளவோ மிரட்டிப் பார்த்தாச்சு, எல்லாரும் ஆடுதான் சார்னு ஒரே பிடியா நின்னுடுச்சு. நல்லவேளை, நீங்களே கையைத் தூக்கிக் காட்டிட்டீங்க.”