விலை போகாத கித்தார் பெட்டி

"தம்பி, உங்கம்மா தெய்வம்ப்பா! எல்லாத்தையும் ஒளிக்காம சொல்லிட்டாவ. நான் வாரேன்."

தாராவியில் பாட்டுக் கச்சேரி நடத்துகிற பூலோகம், வெறுங்கையோடு படியிறங்கிப் போய்விட்டார். ஷிப்ட் முடிந்து செம்பூர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்த தாவீது மிச்சப் படிகளைத் தாவி ஏறினான்.

விற்க வைத்திருந்தது அவனுடைய கித்தார் ஆம்ப்ளிபயர். கித்தார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற, வால்வு போட்ட சின்னப் பெட்டி. கப்பலில் பாண்டு வாசித்த ஒருவரிடம் மூன்று வருஷ ஓவர்டைம் காசைக் கொடுத்து வாங்கியது.

"எம்மா! என்ன சொன்னே அவர்ட்ட?"

லூசியம்மாள் செபமாலையை உருட்டிக்கொண்டே, "கேட்டாவ, சொன்னேன்" என்றாள்.

"அந்த உறுமலைத்தானே சொன்னே? சுவிட்சைப் போட்டா லேசா ஒரு உறுமல். எல்லாப் பெட்டியிலயும் இருக்கும்மா அது! அதையும் சொல்லி யாராவது யாவாரம் பண்ணுவாவளா?"

"பொய் சொல்லி விக்கச் சொல்லுதியாய்யா?"

அவன் காலண்டரைப் பார்த்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் நாலே நாள். அம்மாவின் கண்ணில் புரை முத்திவிட்டது. திங்கட்கிழமை பணத்தோடு வந்தால் ஆப்பரேஷன், இல்லையென்றால் அந்தக் கட்டில் வேறு ஆளுக்கு என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் குர்லா ரேடியோ கடை மன்சூர் அலி வருவதாகச் சொல்லியிருந்தார். தாவீது அரை நாள் லீவு போட்டான். ஹார்பர் லைன் ரயில் வழியில் நின்று கழுத்தை அறுத்தது. அவன் மூச்சு வாங்க வீட்டுப் படியேறும்போது மன்சூர் அலி இறங்கிக்கொண்டிருந்தார்.

"பாய், பாய்! அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல பாய், நான் சொல்லுதேன்..."

"போதும் தம்பி. அம்மா சொல்லிட்டாங்க. மேல பேசி நீ உன் வாயைக் கெடுத்துக்காதே." அவன் தோளைத் தட்டினார். "இவங்க மாதிரி ரெண்டு பேரு குர்லா மார்க்கெட்டுக்கு வந்தா, நாங்க எல்லாரும் கடையைச் சாத்திட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்!"

அன்று ராத்திரி தாவீது உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தான்.

"எம்மா, நாளைக்குத் திலக் நகர்லேருந்து தளவாய்னு ஒருத்தர் வாரார். ஆபீஸ்காரர். மவனுக்கு வாங்குதார். நானே வீட்டுல இருக்கேன். நீ காப்பி மட்டும் குடு. வாயைத் திறக்காதே, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"சரிய்யா."

தளவாய் வந்தார். தாவீது சுவிட்சைப் போட்டு, வால்வு சிவக்கும் வரை காத்திருந்து வாசித்துக் காட்டினான். தளவாயின் கால் தானாகத் தாளம் போட்டது. பர்ஸை எடுக்கச் சட்டைப் பையில் கைகூட விட்டுவிட்டார்.

உள்ளேயிருந்து லூசியம்மாளின் குரல்: "எய்யா, சீனி தீர்ந்துபோச்சே. ஓடிப்போயி ஒரு கால் கிலோ வாங்கியாந்துரு."

வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? ஓடினான். ஐந்தே நிமிஷம். திரும்பி வந்தால் நாற்காலி காலி.

சீனிப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எம்மா, உன் கண்ணுக்குத்தானம்மா நான் இந்தப் பாடு படுதேன்! ஊரெல்லாம் அரிச்சந்திர வேஷம் போட்டுக் குருடாப் போகப் போறியா?"

லூசியம்மாள் செபமாலையைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதய்யா. இன்னைக்கு சனிக்கிழமை. தமிழ்ச் சாமியார் வந்திருப்பாவ. என்னையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்; செஞ்ச பாவத்தைச் சாமிகிட்ட சொல்லிரணும்."

"நீயா? உண்மையைத் தவிர ஒண்ணும் பேசத் தெரியாத உனக்கு எதுக்கும்மா பாவசங்கீர்த்தனம்!"

சொன்னானே தவிர, கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். சாமியார் உள்ளே உட்கார்ந்திருந்த பாவசங்கீர்த்தனக் கூண்டின் முன்னால் அவளை முழங்காலில் இருத்திவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

ரயில் பாதையோரம் இருபது வருஷம் குடியிருந்தவள். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. நாம் கேட்கக் கூடாது என்று தாவீது எழுந்து நகரப் போனான்.

"மூணு பொய் சொன்னேன் சாமி."

அவன் கால் அப்படியே நின்றது.

"என்னம்மா பொய்?"

"எம் மவன் கித்தார் பெட்டியை வாங்க வந்தவங்கட்ட சாமி. அதுலேருந்து புகை வரும்னு ஒருத்தர்ட்ட. தொட்டா ஷாக் அடிக்கும், என்னையவே ரெண்டு தரம் தூக்கிப் போட்டுதுன்னு ஒருத்தர்ட்ட. இன்னைக்கு வந்தவர் மவனுக்குன்னு வாங்க வந்தார். இந்தப் பெட்டி வந்தப்புறம்தான் எம் புள்ள மெட்ரிக்ல ரெண்டு தரம் கோட்டு அடிச்சான்னு சொல்லிட்டேன். அவன் முதல் தரமே பாஸு சாமி! பெட்டியிலயும் ஒரு குறை கிடையாது."

"பின்னே ஏம்மா அப்படிச் சொன்னே?"

"வித்துட்டா அவன் எதுல சாமி வாசிப்பான்? அவன் உசுரே அதுலதான் இருக்கு. எனக்குன்னா, அதைக் கேக்கக் கண்ணு வேண்டாமே."

 கூண்டுக்குள் சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாதாவுக்குப் பத்துப் பிரியதத்த மந்திரம் அபராதம். சொல்லிட்டுப் போம்மா."

"இருபதாக் குடுத்துருங்க சாமி. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் மாட்டுங்காவிலேருந்து இன்னொருத்தர் வாராராம்!"