பத்து விரலும் தெரியணும்

"கை எங்கேடா இருக்கு?"

"ஸ்டீயரிங் மேலதான் மேடம்."

"கட்டை விரல் தெரியலையே! பத்து விரலும் வெளியில நிக்கறவன் கண்ணுல படணும். திரும்பவும் முதல்லேர்ந்து."

டேரியனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. ஒலீதா மேடம் காரை விட்டு நாலடி தள்ளிப் போனார். மறுபடி போலீஸ்காரன் நடையில் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

அமெரிக்காவில், டென்னசி மாநிலத்துக் கார்வெல் நகரத்துப் பயிற்சிப் பள்ளி அது. ஏழு மாதப் படிப்பின் கடைசி நாள். வெள்ளைக்கார மாணவர்கள் நாலு மணிக்கே சிரித்துப் பேசிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கறுப்பர்கள் மூன்று பேரை மட்டும் மேடம் நிறுத்திவைத்தார். இரண்டு பேர் பழகிவிட்டுப் போயாயிற்று, பாக்கி டேரியன்தான். இந்தப் பாடம் பாடத்திட்டத்திலேயே கிடையாது. மேலிடத்துக்குத் தெரிந்தால் மேடத்தின் வேலை போய்விடும். போனால் போகட்டும், பிள்ளைகள் உயிரோடு இருக்க வேண்டாமா?

"லைசென்ஸ் எங்கே?"

"பின் பாக்கெட்டுல..." டேரியனின் கை தன்னால் கீழே இறங்கியது.

"செத்தே!" என்று கத்தினார் ஒலீதா. "போன வருஷம் இங்க படிச்ச மார்லன், போலீஸ் காரை மறிச்சப்போ இதைத்தான்டா செஞ்சான். தன்னோட வேலை அட்டையைக் காட்டினா விட்டுருவாங்கன்னு நம்பி, பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டு போனான். அட்டை வெளியில வர்றதுக்குள்ள மூணு குண்டு. முதல்ல வாயால சொல்லு, அப்புறம்தான் கை."

டேரியன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான். "எனக்கு இந்த வேலையே வேண்டாம் மேடம். பயமா இருக்கு. எங்கம்மா தெனம் அழறாங்க. பேசாம மாமாவோட லாரி ஓட்டப் போயிடறேன்."

"லாரியை மட்டும் நிறுத்த மாட்டாங்களாக்கும்! நாப்பது பேர்ல நீதான்டா முதல் மார்க். நீ ஓடிப்போனா யாருக்குச் சந்தோஷம்னு யோசிச்சுப் பாரு. ம், இன்னும் ஒரே ஒரு தடவை."

அந்த ஒரு தடவை ஏழு தடவை ஆயிற்று. ஏழாவதில், எங்கே இருக்கிறது என்று சொல்லி, அனுமதி கேட்டு, மெதுவாக எடுத்து நீட்டினான்.

ஒலீதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்சீட்டில் தேய்த்து மாட்டியிருந்த நீல உடுப்பை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு நீ போலீஸ்காரனா உறுதிமொழி எடுக்கறே. சாயங்காலம் இதைக் கழட்டிட்டு வீட்டுக்குக் கார் ஓட்டிட்டுப் போவே பாரு, அப்போ இதெல்லாம் மறந்துடாதேடா!"